தன்னைத்தான் பழுதுபார்க்க இயலாத தட்டு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நூலகக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

இலக்கியம் பேச வேண்டிய மேடையில் கணிப்பொறியின் தட்டைப் பற்றிப் பேச வந்து நிற்கின்றோம். செயலாளர் அவர்கள் தலைப்புக் கேட்டபோது சற்றே தயங்கினோம். ஆயினும் முன்னொரு விழாவில், 2023ஆம் ஆண்டில், இம்மண்டபத்துச் சுவரில் பழைய புகைப்படங்கள் ஏன் இடம்பெறவில்லை என்றும், வழக்கம்போல் பழைய நாடக ஒலிப்பதிவை ஏன் ஒலிக்கச் செய்யவில்லை என்றும் உங்களுள் பலர் வினவினீர்கள். அன்று 'ஏதோ கோளாறு' என்று சொல்லி மழுப்பிவிட்டோம். உண்மையைச் சொல்லும் கடன் இன்னும் எம்மிடம் நிலுவையாக உள்ளது. கோளாற்றில் பாதி தட்டினுடையது, மறுபாதி எம்முடையது.

பிலாயில் முதல் ஊதுலை 1959ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அவர்களால் தொடங்கி வைக்கப்பெற்றது. ஆலையை நம்பி ஊர்விட்டு ஊர் வந்த நம் முன்னோர் இங்கே கூடிப் பேசிய பேச்சும், நடித்த நாடகமும், பிள்ளைகளைத் திருக்குறள் ஒப்பிக்கச் செய்த மேடையும் பின்னாளில் கேசட்டுகளில் பதிவாயின. மத்திய இந்தியாவின் மழைக்காலத்தை நீங்கள் அறிவீர்கள். அலமாரியில் இருந்த கேசட்டுகளைப் பூஞ்சை பற்றியது. ஆதலின் 2012ஆம் ஆண்டில் அவற்றையெல்லாம் ஓட விட்டுக் கணிப்பொறியில் ஏற்றி, புகைப்படங்களையும் நகலெடுத்து, யாவற்றையும் உள்ளங்கை அளவுள்ள ஒரே ஒரு வன்தட்டில், அதாவது ஹார்டு டிஸ்கில், சேர்த்தோம். பிறகு கேசட்டுகளை மூன்று சாக்குகளில் கட்டி அப்புறப்படுத்தினோம். நூலக அறை தூய்மையாயிற்று என்று அன்று மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியை இன்று நினைத்தால் நாணமாக இருக்கின்றது.

2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, பொங்கல் விழாப் படங்களைத் தட்டில் ஏற்றிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போயிற்று. மறுநாள் தட்டைப் பொருத்தியதும், இதில் சிக்கல் உள்ளது, ஆராய்ந்து சரிசெய்யலாமா என்று விண்டோஸ் கேட்டது. கேட்பவன் உதவி செய்ய வந்தவன் என்றுதானே எவரும் எண்ணுவர்? சரி என்று அழுத்தினோம். நெடுநேரம் ஓடியபின், பழுது பார்க்க இயலவில்லை என்று விடை வந்தது. மீண்டும் அழுத்தினோம், அதே விடை. மூன்றாம் முறையும் அவ்வாறே. பிறகு, அறிந்தவர் ஒருவர் சொன்னபடி, 'செக் டிஸ்க்' என்னும் கட்டளையை 'ஆர்' என்ற எழுத்தோடு சேர்த்து இட்டுவிட்டு, இரவு முழுவதும் ஓடட்டும் என்று அறையைப் பூட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். காலையில் வந்து பார்த்தபோது எண்ணிக்கை பத்து விழுக்காட்டில் நின்றிருந்தது. மாலையில் ஓசையின்றிச் சுழன்ற தட்டிலிருந்து 'டக், டக்' என்று ஓர் ஒலி விட்டு விட்டுக் கேட்டது.

அவ்வாரத்தில்தான் ஆறாம் செக்டரில் வாழும் அம்மையார் ஒருவர் நூலகத்துக்கு வந்தார். அவருடைய கணவர் 1991ஆம் ஆண்டு நம் மேடையில் நடித்தவர், இப்போது இல்லை. “தம்பி, பேரன் ஊரிலிருந்து வந்திருக்கிறான். தாத்தாவின் குரலை அவன் கேட்டதே இல்லை. அந்த நாடகத்தைக் கொஞ்சம் போட்டுக் காட்ட முடியுமா?” என்று கேட்டார். யாம் என்ன விடை சொல்வோம்? அடுத்த வாரம் வரச் சொன்னோம்.

நிற்க. பழுது பார்ப்பதாக முன்வந்த இயந்திரம் ஏன் பார்க்கவில்லை? இதனை விளங்கிக்கொள்ளத் தட்டின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். உலகின் முதல் வணிக வன்தட்டை ஐபிஎம் நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டன. இன்று கைக்குள் அடங்கும் பெட்டியில் ஒரு டெராபைட், அதாவது ஒரு இலட்சம் கோடி பைட்டுகள் அடங்குகின்றன. அதனுள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல, படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கின்றது. ஒரு தூசுத் துகளும் அவ்விடத்தில் பாறையே ஆகும்.

தட்டின் பரப்பு சிறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. அக்கட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? செக்டர்! நம் ஊரார்க்கு இதைவிடப் பழகிய சொல் வேறில்லை. 4,096 பைட்டுகள் கொண்ட செக்டர்களாகக் கணக்கிட்டால் ஒரு டெராபைட் தட்டில் ஏறத்தாழ 24 கோடி செக்டர்கள் உள்ளன. நம் குவார்ட்டர்ஸ்களைப் போலவே ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. சில செக்டர்களை எவர்க்கும் ஒதுக்காமல் தட்டு இருப்பாக வைத்திருக்கும்.

ஒரு வீட்டின் கூரை ஒழுகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குடியிருப்பவர் இன்னும் நலமாக இருக்கின்றார். குடியிருப்பு அலுவலகத்தார் அவரைச் சாமான்களோடு காலியான வீட்டுக்கு மாற்றி, பழைய கதவெண்ணையே புது வீட்டுக்கும் கொடுத்துவிடுகின்றனர். கடிதம் கொண்டுவரும் அஞ்சல்காரருக்கும் மாற்றம் தெரிவதில்லை. தட்டும் தன்னைத்தான் பழுது பார்த்துக்கொள்வது இவ்வாறே. பலவீனமான செக்டரை ஒருவாறு படித்து முடித்தால், அதிலுள்ளதை இருப்புச் செக்டருக்கு மாற்றி, எண்ணையும் மாற்றிவிடும். விண்டோஸுக்கும் நமக்கும் ஒன்றும் தெரியாது.

ஆனால் கதவு உட்புறம் தாழிட்டிருக்கின்றது. எத்தனை முறை தட்டியும் விடையில்லை. அப்போது எவரை மாற்றுவது? உள்ளே இருப்பது யாதென்று அறியாமல் தட்டு அதனை இடம் மாற்ற இயலாது. வெறும் வீட்டை மாற்றிவிட்டு, குடியிருந்தவரை மாற்றியதாகக் கணக்கு எழுத அதற்கு உரிமையில்லை. ஆதலின் அந்தச் செக்டரை 'நிலுவை' என்று குறித்து வைத்துக் காத்திருக்கும். என்றேனும் ஒருமுறை படிக்க முடிந்தால் மாற்றும். அல்லது நாமே அவ்விடத்தில் புதிதாக ஒன்றை எழுதினால், பழையது போகட்டும் என்று நாம் இசைந்ததாகக் கொண்டு முடிவு செய்யும். தன்னைப் பழுது பார்க்காத தட்டு சோம்பேறித் தட்டு என்று யாம் எண்ணியிருந்தோம். அஃது உண்மையில் உள்ளிருப்பதைக் கைவிட மனமின்றிக் காத்திருந்த தட்டு.

இஃது ஒரு பழுது. விண்டோஸ் பார்க்க முன்வந்த பழுதோ வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதே எம் பிழை. நம் நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். அலமாரியில் நூல்கள் உள்ளன. எந்த நூல் எந்த அடுக்கில் என்று காட்டும் பதிவேடு மேசையில் உள்ளது. தட்டிலும் இத்தகைய பதிவேடு ஒன்று உண்டு. விண்டோஸ் பெரிதும் கையாளும் 'என்டிஎஃப்எஸ்' என்னும் முறை 1993ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. அதில் நாட்குறிப்பு ஒன்றும் இருப்பதால், மின்சாரம் திடீரெனப் போனாலும் பதிவேட்டின் சிறு குழப்பங்களை அது தானே தீர்த்துக்கொள்ளும். தீராதபோது செக் டிஸ்க் வருகின்றது. அதன் முதல் மூன்று கட்டங்களும் பதிவேட்டைப் பற்றியவையே. பதிவேட்டில் உள்ள பெயருக்குரிய நூல் காணப்படாவிடின் வரியை அடித்துவிடும். நூல் இருந்து பெயர் இல்லையேல், 'ஃபௌண்ட்' என்று தொடங்கும் கோப்புறையில் ஓர் எண்ணை இட்டுப் போட்டுவிடும். பதிவேடு முரணின்றி அமைய வேண்டும் என்பதே அதன் வேலை. உங்கள் நூல் கிழிந்திருக்கிறதா, பக்கங்கள் உள்ளனவா என்பது அதன் கவலைக்கு அப்பாற்பட்டது. 'ஆர்' என்ற எழுத்தைச் சேர்க்கும்போது நான்காம், ஐந்தாம் கட்டங்களில் தட்டு முழுவதையும் படித்துப் பார்க்கும். படிக்க முடியாத இடத்தைக் கெட்டதெனக் குறித்து, கோப்பில் அவ்விடத்துக்கு வேறு வெற்றிடத்தைக் காட்டிவிடும்.

இதன் விளைவை நினைத்துப் பாருங்கள். தட்டு 'பொறுங்கள், பிறகொருநாள் படித்துவிடுவேன்' என்று காத்திருந்த இடத்தை, யாம் இட்ட கட்டளை 'வேண்டாம்' என்று எழுதி மூடியது. அன்றியும், நோயுற்ற தட்டை இரவு முழுவதும் ஓட விட்டோம்; படிக்க முடியாத ஒவ்வோரிடத்திலும் முனை திரும்பத் திரும்ப முயன்றது. காய்ச்சல் கண்டவரை மருத்துவரிடம் சேர்க்கும் முன் ஆலையைச் சுற்றி ஓடச் செய்ததற்கு ஒப்பான செயல் அது.

எம்மை மேலும் போகாமல் தடுத்தவன் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மாணவன். நம் உறுப்பினர் ஒருவரின் மகள் வயிற்றுப் பேரன். ஒலியைக் கேட்டதும், “மாமா, முதலில் அதை நிறுத்துங்கள்” என்றான். நான்காம் முறையாக அழுத்த நீண்டிருந்த கை அப்படியே நின்றது.

அவன் கற்பித்த வரிசையை உங்களுக்குச் சொல்கின்றோம். ஏனெனில் உங்கள் இல்லங்களிலும் திருமணப் படங்களைச் சுமந்த இத்தகைய பெட்டிகள் இருக்கின்றன. தட்டை ஐயுறுமுன் கம்பியை ஐயுற வேண்டும். தளர்ந்த கம்பியும், போதிய மின்சாரம் தராத முன்பக்கத் துளையும் நல்ல தட்டையே நோயாளி போல் காட்டிவிடும். வேறு கம்பி, கணிப்பொறியின் பின்புறத் துளை, இயன்றால் வேறு கணிப்பொறி ஆகியவற்றில் பொருத்திப் பார்த்தால் சில வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, தட்டின் உடல்நிலைக் குறிப்பைப் படிக்க வேண்டும். தட்டுகள் 'ஸ்மார்ட்' என்ற பெயரில் தம் நோய்க் குறிப்பைத் தாமே எழுதி வருகின்றன. 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற விலையில்லா மென்பொருள் அதனைக் காட்டும். அதில் எண் 5 என்பது இதுவரை மாற்றிக் கொடுத்த வீடுகள். எண் 197 என்பது தாழிட்டுக் கிடக்கும் நிலுவை வீடுகள். எண் 198 என்பது சோதித்தும் திருத்த முடியாதவை. எண் 199 உயர்ந்துகொண்டே போனால் குற்றம் பெரும்பாலும் கம்பியினுடையது. எம் தட்டில் 197க்கு நேரே சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இலக்க எண் நின்றது. பழுது பார்க்க இயலவில்லை என்று விண்டோஸ் மும்முறை சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. பதிவேட்டைத் திருத்தி எழுதத் தாள் வேண்டுமே! தாளே மக்கிப் போயிருந்தது.

கூகுள் நிறுவனத்தார் நூறாயிரத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். தட்டைச் சோதிக்கையில் முதற்பிழை கண்டபின், அடுத்த 60 நாட்களுக்குள் அது கெடும் வாய்ப்பு, பிழையில்லாத தட்டைவிட 39 மடங்கு மிகுதி என்று கண்டார்கள். அதே ஆய்வில், கெட்டுப்போனவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை முதன்மையான நான்கு அறிகுறிகளுள் ஒன்றையும் காட்டாமலே கெட்டன என்றும் கண்டார்கள். ஆகவே குறிப்பில் குற்றமிருந்தால் நம்புங்கள். குற்றமில்லை என்று அது சொன்னால் முழுதும் நம்பிவிடாதீர்கள்.

பிறகு செய்ய வேண்டியது, பழுது பார்ப்பதற்கு முன்பே படியெடுத்தல். கோப்பு கோப்பாக அன்று. முதற்செக்டர் தொடங்கிக் கடைசிச் செக்டர் வரை தட்டை அவ்வாறே, அதனினும் சிறிதாகாத நல்ல தட்டில் படியெடுத்துவிட வேண்டும். அதற்கென்றே லினக்ஸில் 'டிடி ரெஸ்க்யூ' என்னும் மென்பொருள் உள்ளது, விலை கிடையாது. அதன் அறிவை யாம் மிகவும் வியந்தோம். விடையில்லாத கதவின் முன் அது மல்லுக்கு நிற்பதில்லை. எளிதில் திறக்கும் வீடுகளையெல்லாம் முதலில் முடித்துவிடும். திறவாதவற்றைக் குறித்துக்கொண்டு, இறுதியில் திரும்பி வந்து சிறிது சிறிதாகத் தட்டிப் பார்க்கும். எங்கே விட்டோம் என்பதையும் தனியே எழுதி வைத்துக்கொள்ளும். அந்நாட்களில் இருமுறை மின்சாரம் போயிற்று. இருமுறையும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. முதல் நாள் மாலைக்குள் தட்டின் பெரும்பகுதி வந்து சேர்ந்தது. எஞ்சிய சிறு பகுதிக்காக மேலும் நான்கு நாட்கள் விழித்திருந்தோம். குழுவினர் முறை வைத்துக்கொண்டு அருகில் அமர்ந்தோம். ஒருவர் வீட்டிலிருந்து புளியோதரை வந்தது, மற்றொருவர் வீட்டிலிருந்து மோர் வந்தது. மருத்துவமனையில் துணை இருப்பது போலவே இருந்தது.

செக் டிஸ்கைப் பிறகு ஓட்டினோம். அந்தப் படியின் மேல், அதற்கும் இன்னொரு படி எடுத்துக்கொண்ட பின்னர். பிழைத்தால் திரும்பிச் செல்ல இடமிருந்ததால் கை நடுங்கவில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. 'டக், டக்' என்னும் ஒலி இடைவிடாது கேட்குமாயின் வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூசற்ற அறை வைத்திருக்கும் மீட்புக் கூடத்தாரிடம் ஒப்படைப்பதே முறை. செலவு மிகுதி. எமக்கும் அவ்வாறு செய்யவே விருப்பம். ஓரிடத்தில் கேட்ட தொகை சங்கத்தின் கையிருப்பைத் தாண்டியது. ஒலியும் எப்போதோ ஒருமுறையே கேட்டது. ஆதலின் துணிந்தோம். எம் துணிவை எவரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டா. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் தட்டு உயிர் பெறும் என்று ஒருவர் சொன்னார். ஈரம் உள்ளே படிந்து எஞ்சிய உயிரும் போகும். மூடியைத் திறந்து பார்க்கலாம் என்றார் இன்னொருவர். இவ்வூர்த் தூசியிலா? சுழலும் தட்டில்லாத புதுவகை எஸ்எஸ்டிகளைப் பற்றியும் ஒரு சொல்: அவை கெடுமுன் ஒலியெழுப்பி எச்சரிப்பதில்லை. அவற்றுட் சில, இறுதிக் காலத்தில் எழுதவிடாமல் படிக்க மட்டும் விடும். அந்நிலையிலும் பழுதுபார்ப்பு தோற்கும். அப்போது கிடைத்த பொழுதில் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, கிடைத்தவை எவை, போனவை எவை என்று கணக்குச் சொல்ல வேண்டும். புகைப்படங்களில் மிகப் பெரும்பாலானவை மீண்டன. இன்று சுவரில் நீங்கள் காண்பவை அவையே. பட்டிமன்றங்கள் வந்தன. சில பேச்சுகள் பெயரிழந்து வெறும் எண்களாய் வந்தன. குரலைக் கேட்டு இவர் இன்னார் என்று பெயரிடும் பணியில் மூத்த உறுப்பினர்கள் பல மாலைகள் உதவினார்கள். பிள்ளைகளின் ஒப்புவித்தல் போட்டிகள் சில ஆண்டுகளுக்கு அடியோடு இல்லை. 1991ஆம் ஆண்டு நாடகத்தில் முதற்காட்சியும் மூன்றாம் காட்சியும் வந்தன. அந்த அம்மையாரின் கணவர் மிகுதியாகப் பேசுவது இரண்டாம் காட்சியில். அது வரவில்லை.

அவரை அழைத்து உண்மையைச் சொன்னோம். எம் அவசரத்தையும் மறைக்கவில்லை. மூன்றாம் காட்சியைப் போட்டோம். அதில் அவர் கணவர் மேடைக்கு வந்து, “விளக்கை ஏற்றுங்கள் அம்மா” என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுப் போகின்றார். அம்மையார் அவ்வரியை ஐந்து முறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு, “இது போதும் தம்பி, பேரனுக்கு அனுப்பிவிடுங்கள்” என்றார். போதும் என்று அவர் சொன்னது எம்மைத் தேற்றுவதற்காகவே என்பதை அறிவோம்.

இப்போது மூன்று படிகள் உள்ளன. ஒன்று நூலகத்தில், மற்றொன்று வேறு செக்டரில் பொருளாளர் இல்லத்தில், மூன்றாவது இணையவழிச் சேமிப்பகத்தில். ஆண்டுக்கு இருமுறை, தமிழ்ப் புத்தாண்டன்றும் ஆயுத பூசையன்றும், மூன்றையும் திறந்து சில கோப்புகளை ஓட்டிப் பார்க்கின்றோம். திறந்து பாராத படியைப் படியென்று யாம் எண்ணுவதில்லை. பழைய தட்டு இன்னும் அலமாரியில் இருக்கின்றது. அதனை எவரும் இனிப் பொருத்தக் கூடாது என்று தாளில் எழுதி ஒட்டியுள்ளோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அக்காலத்தில் விழா முடிந்ததும் கேசட்டுக்குப் படி கேட்டு வாங்கிச் சென்ற குடும்பங்கள் உண்டு. ஓய்வு பெற்று ஊர் திரும்பியோரின் பெட்டிகளிலும் அவை இருக்கக்கூடும்; அவர்களோடு தொலைபேசியில் பேசும்போது கேட்டுப் பாருங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும், நாடா அறுந்திருந்தாலும், துடைக்காமல், ஓட்டிப் பார்க்காமல், அப்படியே கொண்டு வாருங்கள். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை நூலக அறையில் இருப்போம். முதலில் தேடுவது 1991ஆம் ஆண்டு நாடகத்தின் இரண்டாம் காட்சி.